வீட்டில் எலித் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலி என்று பேச்செடுத்தால் போதும், ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அதில் பாதி மீதிப் பாதிக்கு முரணாக இருக்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் ஓட்டை பற்றிய கேள்விகளையும் எலி மருந்து பற்றிய கேள்விகளையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ராத்திரி ஒரே ஒரு எலி ஓடுறதைப் பார்த்தேன். ஒண்ணுதான் இருக்குமா?

ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். சுண்டெலி 19 முதல் 21 நாளில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகள் ஏறக்குறைய 6 வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெரிய எலி கொஞ்சம் நிதானம்: 21 முதல் 23 நாள் கர்ப்பம், இரண்டு மூன்று மாதத்தில் பருவம். இன்றைக்கு உள்ளே வந்தது சினையாக இருந்தால் அடுத்த மாதம் கதையே வேறு.

எலி இரவில் நடமாடும் பிராணி. பட்டப்பகலில், விளக்கு வெளிச்சத்தில், ஆள் இருக்கும்போதே அலைந்தால் ஒன்று கூட்டம் பெருகிவிட்டது, இல்லையென்றால் பக்கத்தில் எங்கேயோ கட்டட வேலை நடந்து வளை கலைந்திருக்கிறது.

வந்திருக்கிறது எலியா சுண்டெலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். பொறியின் அளவு, அதை வைக்கும் இடம், காத்திருக்க வேண்டிய நாள் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் மாறும். ஆளை நேரில் பார்க்க வேண்டிய அவசியமில்லை, புழுக்கையே சொல்லிவிடும். சுண்டெலிப் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர், அரிசியை விடச் சின்னது, முனை கூராக இருக்கும். கூரை எலியுடையது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும். சாக்கடையிலும் மண் வளையிலும் இருக்கும் பழுப்பு எலியுடையது 18 மில்லிமீட்டரைத் தொடும், முனை மழுங்கி, தடிமனாக இருக்கும். புதியது கறுத்து ஈரப்பளபளப்போடு இருக்கும், பழையது சாம்பல் பூத்து உதிரும். தொட்டுப் பார்க்க வேண்டாம், குச்சியால் தள்ளிப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த தடயம் சுவரோரத்து அழுக்குக் கோடு. எலி தினமும் ஒரே பாதையில் சுவரை உரசிக்கொண்டுதான் போகும். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து படிந்து, தரையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் கருப்பாகப் பட்டை விழும். விட்டத்திலும் குழாய் மேலும் அந்தப் பட்டை இருந்தால் வந்திருப்பது ஏறுகிற கூரை எலி. வீட்டைச் சுற்றி மண்ணில் பெரிய வாயுள்ள வளையும் வெளியே தள்ளிய மண்குவியலும் இருந்தால் பழுப்பு எலி அல்லது பெருச்சாளி.

மூக்கு நீளமா இருக்கு, கிட்டப் போனா நாற்றம் அடிக்குது, கீச் கீச்னு கத்துது. இது எந்த வகை எலி?

அது எலியே இல்லை, மூஞ்சூறு. கொறிக்கும் பிராணிகளின் இனத்திலேயே சேராது. கரப்பான்பூச்சி, புழு, பூச்சிகள்தான் அதன் முக்கிய ஆகாரம். துணியையோ வயரையோ கொறித்து நாசம் செய்யாது. கண் சரியாகத் தெரியாததால் சுவரை ஒட்டித் தட்டுத்தடுமாறி ஓடும். அதைக் கொல்ல மெனக்கெட வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, துடைப்பத்தால் சுவரோரமாகவே நகர்த்தினால் தானாக வெளியே போய்விடும். அடிக்கடி வருகிறது என்றால் வீட்டில் பூச்சி அதிகம் என்று பொருள்.

வீட்டைப் பளிச்சுன்னுதான் வைச்சிருக்கேன். அப்புறம் ஏன் வருது?

சுத்தமில்லாத வீட்டுக்குத்தான் எலி வரும் என்று நினைத்து வெட்கப்படுபவர்கள் நிறைய. வெட்கப்பட ஒன்றுமில்லை. சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தீனி போதும், அடுப்புக்குப் பின்னால் சிந்தியதே அதற்குத் தாராளம். அது தண்ணீர் குடிக்காமல் உணவில் இருக்கும் ஈரத்தை வைத்தே சமாளித்துக்கொள்ளும். பெரிய எலி அப்படி இல்லை, அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். சொட்டுகிற குழாய், ஏசி தண்ணீர், இரவில் வைத்துவிடும் நாயின் தண்ணீர்க் கிண்ணம் இதெல்லாம் அதற்குக் கொண்டாட்டம்.

வளர்ப்புப் பிராணிகளின் தீனி மூட்டை, பறவைக்கு இறைக்கும் தானியம், மூடியில்லாத குப்பைத் தொட்டி ஆகிய மூன்றும் நான் கேள்விப்பட்ட பெரும்பாலான வீடுகளில் காரணமாக இருந்திருக்கின்றன. பிளாஸ்டிக் டப்பாவைக் கொறித்துவிடும், தகர டப்பாவும் கண்ணாடி ஜாடியும் தாங்கும். ஆனாலும் உணவை மறைத்து வைத்தால் மட்டும் எலி போய்விடாது. கதகதப்பான, யாரும் தொந்தரவு செய்யாத மூலைக்காகவும் அது வரும். பல வருடமாகப் பிரிக்காத அட்டைப்பெட்டிகளை முதலில் வெளியே எடுங்கள்.

ஜன்னல் கதவெல்லாம் சாத்தித்தான் இருக்கு. எந்த வழியாத்தான் உள்ளே வருது?

6 மில்லிமீட்டர் சந்து இருந்தால் சுண்டெலி உள்ளே வந்துவிடும். அதாவது ஒரு பென்சில் நுழைகிற இடம். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும், ஒரு விரல் நுழைகிற இடம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. தலை நுழைந்துவிட்டால் உடம்பை நெளித்துக் கொண்டுவந்துவிடும். அதனால் வீட்டைச் சுற்றி வரும்போது கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள். அது நுழைகிற இடமெல்லாம் கதவு திறந்து கிடக்கிறது என்று கணக்கு.

பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகிற இடம். துளை பெரிதாகப் போட்டுவிட்டு, குழாயைச் சொருகி, சுற்றிலும் பூசாமல் விட்டிருப்பார்கள். அலமாரிக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தால்தான் தெரியும். அடுத்தது கதவின் அடிச்சந்து. உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளி வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் சந்து இருக்கிறது. ஏசி குழாய், கேபிள், வாஷிங் மெஷின் கழிவுக் குழாய் போகும் துளைகள், கூரையும் சுவரும் சேரும் இடம், வலையில்லாத காற்றுத் துவாரம், உடைந்த தரை வடிகால் மூடி இவற்றையும் விடாதீர்கள். கூரை எலி ஒரு மீட்டருக்கும் மேல் தாண்டும். கூரைக்கு அந்தத் தூரத்துக்குள் மரக்கிளை இருந்தால் வெட்டிவிடுவது நல்லது.

ஓர் ஓட்டை புழக்கத்தில் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் காகிதத்தைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். காலையில் வெளியே கிடந்தால் வழி அதுதான்.

ஓட்டையைத் துணி, தெர்மாகோல் எல்லாம் வைச்சு அடைச்சேன். மறுநாளே கொறிச்சுட்டுது. வேற எதை வைக்கிறது?

எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல். கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். மரம், பிளாஸ்டிக், ரப்பர், ஈயக் குழாய், மெல்லிய அலுமினியம், காயாத சிமென்ட் எல்லாம் அதன் பல்லுக்கு அடங்கும். நுரையாக ஊதி உப்புகிற ஸ்ப்ரேவை மட்டும் அடித்து ஏமாறுபவர்கள் அதிகம். காற்றைத் தடுக்கும், எலியைத் தடுக்காது.

சின்ன ஓட்டைக்குக் கம்பி நாரை, பாத்திரம் தேய்க்கிற அதே வகைதான், இறுக்கித் திணித்து மேலே சிமென்ட் கலவையோ சீலன்ட்டோ பூசுங்கள். வெறும் கம்பி நாரை மட்டும் வைத்தால் இழுத்துப் போட்டுவிடும், ஈரத்தில் துருவும் பிடிக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் நாரோ செப்புக் கம்பி வலையோ கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய துளைக்குத் துத்தநாகம் பூசிய தகடு அல்லது 6 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத கெட்டியான கம்பி வலை. கொசுவலை போதாது. கதவடிக்கு அலுமினியப் பட்டையோடு வரும் பிரஷ் அல்லது ரப்பர் தடுப்பு, ரப்பராக இருந்தால் ஓரத்தைக் கொறிக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். சிமென்ட் காயும் வரை, ஒரு நாளாவது, முன்னால் ஒரு கல்லையோ தகட்டையோ சாத்தி வையுங்கள்.

முதல்ல அடைக்கணுமா, முதல்ல பிடிக்கணுமா? அடைச்சா உள்ளேயே மாட்டிக்காதா?

வெளிச்சுவரில் இருக்கும் ஓட்டைகளை முதலில் அடையுங்கள், அன்று மாலையே உள்ளே பொறிகளை வைத்துவிடுங்கள். உள்ளே மாட்டியவை வெளியே போக வழி தேடி அலையும், அப்போதுதான் பொறியில் சுலபமாக விழும். அடைத்த இடத்தைக் கொறித்துப் பார்க்கவும் செய்யும், அதனால் ஒரு வாரம் தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். பல மாதமாகப் பொறி வைத்தும் தீரவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது குழாய்த் துளையைப் பற்றித்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: உள்ளே மருந்து வைத்துவிட்டு ஓட்டையை அடைப்பது. ஏன் என்பது செத்த எலி நாற்றம் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

எத்தனையோ பொறி விற்குது. எது வாங்கலாம்?

விசை விழுந்து உடனே கொல்லும் பொறிதான் என் தேர்வு. மருந்தில்லை, செத்த எலி எங்கே என்று தேட வேண்டியதில்லை, மறுபடி பயன்படுத்தலாம். சுண்டெலிக்குச் சின்னது, பெரிய எலிக்குப் பெரியது. சின்னப் பொறியில் பெரிய எலி அடிபட்டால் காயத்தோடு பொறியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். குழந்தைகளோ நாய் பூனையோ இருக்கும் வீட்டில் பொறியைப் பூட்டுகிற பெட்டிக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு.

கூண்டுப் பொறி உயிரோடு பிடிக்கும். நாளுக்கு இரண்டு தடவையாவது போய்ப் பார்க்க முடியும் என்றால் மட்டும் அது. மறந்துவிட்டால் உள்ளே பட்டினியிலும் பயத்திலும் சாகும்.

பொறி வைச்சு நாலு நாளாச்சு. பக்கத்துலேயே வர மாட்டேங்குது. எலி அவ்வளவு புத்திசாலியா?

புத்தி ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய எலிக்குப் புதுப் பொருளைக் கண்டாலே பயம். தினமும் நடக்கிற பாதையில் நேற்று இல்லாத ஒன்று இருந்தால் பல நாள் சுற்றிக்கொண்டே போகும். அதனால் பொறியில் தீனியை வைத்து, விசையை ஏற்றாமல், சில நாள் அப்படியே விடுங்கள். தீனி காணாமல் போகிறதா, மறுபடி வையுங்கள். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து தின்ற பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறியையும் ஏற்றுங்கள். சுண்டெலி நேர் எதிர், புதியது எதுவாக இருந்தாலும் மோந்து பார்க்க வரும். இரண்டு நாளில் அது விழவில்லை என்றால் பொறி இருக்கும் இடம் தப்பு. இடத்தை மாற்றுங்கள்.

இடம்தான் முக்கால்வாசி விஷயம். அறையின் நடுவில் வைத்த பொறி வீண். சுவருக்குச் செங்குத்தாக, தீனி இருக்கும் முனை சுவரைத் தொட்டபடி வையுங்கள், இரண்டு பக்கமிருந்து வந்தாலும் அதன் மேல் ஏறியே ஆக வேண்டும். மேலே சொன்ன அழுக்குக் கோடும் புழுக்கையும் இருக்கும் இடத்தில் வைத்தால் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. சுண்டெலி கூட்டிலிருந்து சில மீட்டர் தூரமே சுற்றும், அதனால் அதற்கு 2, 3 மீட்டருக்கு ஒரு பொறி. ஒரே ஒரு பொறியை வைத்துவிட்டுக் காத்திருப்பதை விட முதல் இரவிலேயே ஆறு ஏழு வைப்பது எவ்வளவோ மேல்.

பொறிக்கு என்ன தீனி? சீஸ்தானே?

சீஸ் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். வேர்க்கடலை வெண்ணெய், கொட்டை வகைகள், சாக்லேட் இவையெல்லாம் அதை விட நன்றாக வேலை செய்யும். ஒரு பட்டாணி அளவு போதும். நிறைய வைத்தால் ஓரத்திலிருந்து நக்கிவிட்டு விசையைத் தொடாமல் போய்விடும். ஒட்டிக்கொள்கிற தீனியாக இருந்தால் இழுத்துத் தின்ன வேண்டியிருக்கும், விசை தட்டும். சினையாக இருப்பது கூடு கட்டப் பஞ்சும் நூலும் தேடும், விசையில் கொஞ்சம் நூலைக் கட்டி வைத்தும் பார்க்கலாம். வீட்டில் மற்ற உணவு திறந்து கிடக்கும்போது எந்தத் தீனிக்கும் மவுசு இருக்காது.

பசை அட்டை மலிவா, சுலபமா இருக்கே?

நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எலி ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில், சமயத்தில் நாள் கணக்கில் துடிக்கும். பயத்தில் சிறுநீரும் புழுக்கையும் விட்டு இடத்தை இன்னும் அசுத்தமாக்கும். உயிரோடு ஒட்டியிருக்கும் எலியை என்ன செய்வது என்று கேட்டு வரும் கேள்விகள் பசை அட்டை வாங்கலாமா என்ற கேள்விகளை விட அதிகம். பல்லி, ஓணான், குருவி எல்லாம் ஒட்டிக்கொண்டு சாகும். நியூசிலாந்தில் 2015இலிருந்து அனுமதியின்றி இதைப் பயன்படுத்த முடியாது. இங்கிலாந்தில் 2024 ஜூலை இறுதியிலிருந்து பொதுமக்கள் பயன்படுத்தத் தடை. ஏற்கெனவே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்து அதை விடுவிக்க வேண்டுமானால் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினால் பசை இளகும். கையுறை கட்டாயம்.

கூண்டுல பிடிச்சாச்சு. கொல்ல மனசில்லை. எங்கே கொண்டுபோய் விடலாம்?

தெருமுனையில் விட்டால் திரும்பி வந்துவிடும் அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும். வெகு தூரத்தில் விட்டால் பழக்கமில்லாத இடத்தில் ஒளிய இடமும் தீனியும் தெரியாமல் பெரும்பாலும் செத்துப்போகும். நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற காரியம் அந்த எலிக்கு நல்லதாக முடிவதில்லை. சில நாடுகளில் பிடித்த பிராணியை வேறிடத்தில் விடுவதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. கொல்வதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்கு ஓட்டையை அடைப்பதுதான் உண்மையான வழி. கூண்டோடு தண்ணீரில் அமுக்குவது கொடுமை, அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பேசாம எலி மருந்து வைச்சா வேலை முடிஞ்சதுல்ல?

முடியாது, வேறு வேலை ஆரம்பிக்கும். கடையில் கிடைப்பவை எல்லாம் ஒரே மருந்தில்லை. கேக், கட்டி வடிவில் வருபவற்றில் பல இரத்தம் உறையாமல் செய்யும் வகை. 1940களின் கடைசியில் வார்ஃபரின் இப்படித்தான் வந்தது. 1958இலேயே ஸ்காட்லாந்தில் அதற்கு மசியாத எலிகள் தென்பட்டன. அப்புறம் வந்த புரோமடியோலோன், புரோடிஃபேகம் எல்லாம் பல மடங்கு வீரியம். தின்ற எலி உடனே சாகாது, பல நாள் ஆகும். அதனால்தான் எலிக்குத் தீனியின் மேல் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்த நாட்களில் தள்ளாடித் திரியும் எலியைப் பூனையோ ஆந்தையோ பிடித்துத் தின்றால் விஷம் அதன் உடம்பிலும் ஏறும். எலியைப் பிடிக்கிற ஆந்தையையே கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

துத்தநாக பாஸ்பைடு என்ற கறுஞ்சாம்பல் பொடி வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும், மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் சேர்ந்த எலி பேஸ்ட் அதை விட மோசம். டியூபில் பற்பசை போலவே இருக்கும். தவறி வாயில் போன குழந்தை முதல் நாள் வாந்தி எடுக்கும், அப்புறம் ஓரிரு நாள் தேறிவிட்டது போலத் தெரியும், அதன் பிறகு கல்லீரல் செயலிழக்கும். இதற்கும் மாற்று மருந்து இல்லை. இதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எலி வளையிலோ அறையிலோ போடுவது இன்னும் ஆபத்து. வாயு சுவர் விரிசல் வழியே பக்கத்து அறைக்குப் போய்த் தூங்குபவர்களைக் கொன்றுவிடும்.

மருந்து தவிர வேறு வழியே இல்லை என்கிற நிலை வந்தால் உரிமம் உள்ள ஆளிடம் விடுங்கள். பூட்டிய தீனிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். எங்கே எத்தனை வைத்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத்தை எண்ணித் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

நாய் எலி கேக்கைத் தின்னுடுச்சு. நல்லாத்தான் விளையாடுது. காத்திருந்து பார்க்கலாமா?

காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தில் முதல் ஓரிரு நாள் ஒன்றுமே தெரியாது. அறிகுறி தெரியும்போது உள்ளே இரத்தக் கசிவு தொடங்கியிருக்கும். உறையை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். உறையில் இருக்கும் வேதிப்பெயரை வைத்துத்தான் சிகிச்சை. இந்த வகைக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து, பல வாரம் கொடுக்க வேண்டிவரும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம்.

குழந்தை என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம், உறையோடு ஆஸ்பத்திரிக்கு. "கொஞ்சம்தான் நக்கினான், இப்ப சரியாயிட்டான்" என்பது பாஸ்பரஸ் பேஸ்ட்டில் எதையும் சொல்லாது, காரணம் மேலேயே இருக்கிறது.

மருந்து தின்ன எலி தண்ணி தேடி வெளியே போய்ச் செத்துடுமாமே? எங்க வீட்டுல நாறுது.

விற்பவர்கள் சொல்கிற கதை அது. எந்த மருந்துக்கும் எலியை வெளியே அனுப்பும் சக்தி கிடையாது. உடம்புக்கு முடியாத எலி பத்திரமான மறைவிடத்துக்குத்தான் போகும், அது உங்கள் பரணோ சுவர் இடுக்கோ அலமாரியின் அடியோ. சுண்டெலி செத்தால் சில நாளில் நாற்றம் அடங்கும். பெரிய எலி என்றால் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், ஈரமும் வெக்கையும் இருந்தால் இன்னும் கடுமை.

கண்டுபிடிக்க மூக்கை மட்டும் நம்ப வேண்டாம், காற்றோட்டம் ஏமாற்றும். திடீரென்று பெரிய ஈக்கள் எந்த மூலையில் மொய்க்கின்றன என்று பாருங்கள். எட்டாத இடம் என்றால் சுவரை உடைப்பதற்கு முன் காற்றோட்டம் கொடுத்து, மரக்கரித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம்.

பூனை வளர்த்தா போதாதா?

சுண்டெலி ஒன்றிரண்டைப் பூனை பிடிக்கும். பெரிய எலி விஷயத்தில் பூனையும் கணக்குப் போடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க்கில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் இருந்த எலிக் கூட்டத்தை 79 நாள் கேமராவில் கவனித்தார்கள். சுற்றித் திரிந்த பூனைகள் கொன்றது 2 எலியை. பூனை வந்தபோது எலிகள் ஒளிந்துகொண்டதால் குறைந்துவிட்டது போலத் தெரிந்தது, அவ்வளவுதான். பூனை பிடிக்கும் என்றால் வளருங்கள், அதற்கு வைக்கும் சாப்பாட்டை ராத்திரி எடுத்து வைத்துவிடுங்கள்.

பிளக்ல மாட்டுற அல்ட்ராசோனிக் கருவி, புதினா எண்ணெய், அந்துருண்டை... எது வேலை செய்யும்?

காசைச் சேமித்து கம்பி வலை வாங்குங்கள். அல்ட்ராசோனிக் ஒலி சுவரையும் சாமான்களையும் தாண்டாது, எலியும் சில நாளில் பழகிவிடும். 2001இலேயே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 60க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரித்திருக்கிறது. புதினா எண்ணெய் வாசனை மூடிய சின்னப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் எலியைத் தள்ளி வைக்கலாம், பசி வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். அந்துருண்டையை அறை முழுக்கப் போடுவது எலியை விட மனிதருக்குக் கெடுதல். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன் நாப்தலினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்.

பரண் பூரா புழுக்கை. பெருக்கித் தள்ளிடலாமா?

பெருக்காதீர்கள், வேக்குவமும் போடாதீர்கள். காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூளாகிக் காற்றில் கலந்து மூச்சு வழியே உள்ளே போவதால்தான் ஹன்டா வைரஸ் தொற்றுகிறது. முதலில் ஜன்னல் கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். காகிதத் துண்டால் வழித்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அதே கலவையில் தரையைத் துடையுங்கள். பிளீச்சோடு ஆசிட் வகை கிளீனரைக் கலந்தால் விஷவாயு வரும்.

செத்த எலியையும் கூட்டையும் எடுப்பதற்கும் இதே முறைதான். நனைத்துவிட்டு, இரண்டு பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.

தூங்கும்போது எலி கடிச்சிடுச்சு. ரேபிஸ் ஊசி போடணுமா?

எலியாலும் சுண்டெலியாலும் மனிதருக்கு ரேபிஸ் வருவது மிக மிக அரிது, பெரும்பாலும் அந்த ஊசி தேவைப்படாது. அதற்காக டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார். எலிக்கடிக் காய்ச்சல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. காயம் ஆறிய பிறகும், இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வந்தால் கடித்த விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

எலிக்காய்ச்சல் எலி கடிச்சாத்தான் வருமா?

இல்லை. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரில் இருக்கும். அது கலந்த தண்ணீரும் சேறும் காலில் இருக்கும் சின்ன வெட்டு, கண், வாய் வழியாக உள்ளே போகும். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்த ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவப்பு என்று வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட வேண்டாம். சுண்டெலியிடமிருந்து எல்சிஎம் என்ற வைரஸ் கர்ப்பிணிகளுக்குத் தொற்றினால் கருவைப் பாதிக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பரண் புழுக்கை பற்றிய கேள்வியில் சொன்ன சுத்தம் செய்யும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

டாய்லெட் வழியா எலி வந்துச்சுன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

நான் நம்புகிறேன். பழுப்பு எலி நன்றாக நீந்தும், மூன்று நிமிடம் வரை மூச்சடக்கும், குழாய்க்குள் ஏறும். பார்த்தால் மூடியைச் சாத்தி மேலே கனமாக எதையாவது வையுங்கள். நிரந்தரத் தீர்வு கழிவுக் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துவது. எங்கேயாவது குழாய் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புழங்காத குளியலறையின் தரை வடிகாலில் தண்ணீர் வற்றிவிட்டால் அதுவும் வழியாகிவிடும், அவ்வப்போது ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.

கார் வயரைக் கடிச்சு வைச்சிடுது. என்ன செய்ய?

எஞ்சின் சூடாக இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, மழைக்கு ஒதுங்க இடம். வண்டியை நாள் கணக்கில் நகர்த்தாமல் விடுவதுதான் பெரிய அழைப்பு. வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து இலைதழை, பஞ்சு ஏதாவது சேர்ந்திருந்தால் எடுத்துப் போடுங்கள். வண்டிக்குள் தின்பண்டம் வேண்டாம். சக்கரங்களுக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் பொறி வைக்கலாம். எஞ்சினுக்குள் மருந்துக் கட்டி வைப்பது வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் வயரின் மேலுறை போயிருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தீப்பிடிக்கக் காரணமாகிவிடும்.

அடுக்குமாடியில இருக்கோம். நான் மட்டும் அடைச்சு என்ன பிரயோஜனம்?

உங்கள் வீட்டுக்கு நிச்சயம் பிரயோஜனம். குழாய்த் துளைகளை அடைத்தால் எலி மற்ற வீடுகளுக்குள் போகும், உங்களிடம் வராது. சுயநலம்தான், பரவாயில்லை. ஆனால் கட்டடம் முழுவதும் போகும் குழாய்த் தண்டும் குப்பை அறையும் பொதுவானவை. அங்கே அடைக்காமல் ஒவ்வொரு வீடாக மருந்து வைத்தால் செத்த எலி யார் வீட்டுச் சுவரில் என்று சண்டை வரும். சங்கத்தில் பேசும்போது புழுக்கையும் அழுக்குக் கோடும் இருக்கும் போட்டோவைக் காட்டுங்கள், வாய்ப்பேச்சை விட வேகமாக வேலை நடக்கும்.

சத்தம் நின்னுடுச்சு. ஒழிஞ்சதுன்னு எப்படி நிச்சயம் பண்றது?

இருக்கும் புழுக்கையை எல்லாம் சொன்ன முறையில் சுத்தம் செய்துவிடுங்கள், அப்போதுதான் புதியது வந்தால் தெரியும். ராத்திரி சுவரோரமாகக் கொஞ்சம் மாவைத் தூவி வையுங்கள். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் காலடியும், வால் இழுபட்ட கோடும் இருந்தால் தெளிவாகத் தெரியும். இரண்டு வாரம் மாவு கலையாமல், புதுப் புழுக்கை இல்லாமல், பொறியிலும் தீனி அப்படியே இருந்தால் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தூவிய மாவை அன்றன்றே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே தீனியாகிவிடும்.

பொறிகளில் ஒன்றிரண்டைத் தொட்டியடியிலும் பரணிலும் விட்டு வையுங்கள். மழைக்காலத் தொடக்கத்திலும், பக்கத்தில் வீடு இடித்தாலும், புதிதாக ஏசியோ கேபிளோ போட ஆள் வந்து சுவரில் துளை போட்டாலும், பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். துளை போட்டவரிடமே பூசிவிட்டுப் போகச் சொல்வது இன்னும் சுலபம்.